ஸ்பானிய மொழியின் 'ர'வும் 'ற'வும்: தமிழ் பேசுபவர்களுக்கான கேள்வி-பதில்

இந்தப் பக்கத்தில் ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். நாக்கு ஒரே ஒரு முறை தட்டிவிட்டு விலகும் ஒலிக்கு 'ர'. நாக்கின் நுனி படபடவென அதிரும் ஒலிக்கு 'ற'. ஸ்பானிய எழுத்துக்கூட்டலை அது காட்டாது. வாயில் என்ன நடக்க வேண்டும் என்பதைக் காட்டும். ஸ்பானியத்தில் குறில், நெடில் வேறுபாடு கிடையாது. அழுத்தம் விழும் அசையைச் சில இடங்களில் நெடிலாக எழுதியிருப்பது வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

ஸ்பானியத்தில் மொத்தம் எத்தனை 'ர' ஒலிகள்?

பொருளை மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, நாக்கு நுனி மேலண்ணத்தின் முன்பகுதியைச் சட்டென ஒரு முறை தட்டுவது. மொழியியலில் இதை வருடொலி என்பார்கள். மற்றது ஆடொலி: நாக்கு நுனியை மூச்சுக்காற்று இரண்டு மூன்று முறை ஆட்டிவிடுவது. நாடு நாடாகப் போனால் இன்னும் பல வகை காதில் விழும். அவற்றைப் பின்னால் பார்ப்போம். கற்றுக்கொள்ள வேண்டியவை இந்த இரண்டும்தான்.

தமிழிலேயே ர, ற இரண்டும் இருக்கிறதே. அவற்றையே வைத்துக்கொள்ளலாமா?

பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். 'மரம்', 'கரி', 'வரவு' என்று சொல்லும்போது வரும் ர-தான் ஸ்பானிய வருடொலி. ஆங்கிலம் பேசுபவர்கள் இந்த ஒற்றைத் தட்டுக்கே தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். அமெரிக்கர்கள் 'வாட்டர்' என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லும் காணொளிகள் அவர்களுக்கானவை. உங்களுக்கு அவை தேவையில்லை. பார்த்தால் இருப்பதும் கெட்டுப்போகும்.

ற-வின் கதை வேறு. எழுத்தில் அது வல்லினம். தொல்காப்பியம் ர-வுக்கு நாக்கு நுனி அண்ணத்தை 'வருட' வேண்டும் என்றும், ற-வுக்கு 'ஒற்ற' வேண்டும் என்றும் பிரித்துச் சொல்கிறது. ஆனால் இன்று தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் கரியும் கறியும் ஒன்றாகிவிட்டன. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சிலும் மலையாளத்திலும் வேறுபாடு இன்னும் கேட்கும். இலங்கைத் தமிழில் 'றேடியோ', 'றோட்டு' என்று சொல்லின் முதலிலேயே ற போட்டு எழுதுவார்கள். ஸ்பானியத்திலும் அந்தக் கருவி 'றாதியோ'தான், முதலெழுத்து அதிர வேண்டும்.

'அரம் - அறம்', 'இரை - இறை' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் வேறாக ஒலித்து, இரண்டாவதில் நாக்கு அதிர்ந்தால், இந்தப் பக்கத்தின் பாதியை நீங்கள் தாண்டிப் போகலாம். ஒன்றாகவே ஒலித்தால் தொடர்ந்து படியுங்கள்.

எங்கே ர, எங்கே ற? விதி உண்டா?

உண்டு, அதுவும் விதிவிலக்கே இல்லாத அளவுக்குத் தெளிவாக.

சொல்லின் முதலில் எப்போதும் ற. ஒற்றை எழுத்துதான் (r) எழுதியிருக்கும், ஆனாலும் அதிர வேண்டும்: றோஸா (ரோஜா), றோஹோ (சிவப்பு), றீயோ (ஆறு), றேய் (அரசர்).

இரண்டு உயிர்களுக்கு நடுவில் இரட்டை எழுத்து (rr) இருந்தால் ற, ஒற்றை எழுத்து இருந்தால் ர. இந்த ஓர் இடத்தில்தான் இரண்டு ஒலியும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன.

ன், ல், ஸ் ஆகிய மெய்களுக்குப் பின்னால் ஒற்றை எழுத்தே இருந்தாலும் ற: ஓன்றா (கௌரவம்), அல்றெதெதோர் (சுற்றிலும்), இஸ்றயேல்.

வல்லின மெய்யோடும் ஃப் ஒலியோடும் ஒட்டிக் கூட்டொலியாக வந்தால் ர: த்ரேஸ் (மூன்று), லீப்ரோ (புத்தகம்), க்ராஸியாஸ் (நன்றி, முதல் ஒலி கங்கையின் முதல் க), ஃப்ரீயோ (குளிர்).

அசையின் முடிவில், அதாவது வேறொரு மெய்க்கு முன்போ சொல்லின் இறுதியிலோ, ர போதும்: பார்தே (பகுதி), அமோர் (காதல்). அழுத்திச் சொல்லும்போது ஸ்பானியர்களே இதை அதிர வைப்பதுண்டு. பொருள் மாறாது.

சிக்கலானது ஒன்றே ஒன்று: முன்னொட்டு சேர்ந்த சொற்கள். 'றயார்' என்றால் கோடு போடுவது. அதற்கு முன் 'சுப்' சேர்ந்தால் அடிக்கோடிடுவது. எழுத்தைப் பார்த்தால் 'லீப்ரோ'வில் உள்ள அதே ப்-ர் கூட்டு போலத் தெரியும். ஆனால் அசை 'சுப்-றயார்' என்றுதான் பிரிகிறது, புது அசையின் முதலில் வருவதால் அதிர வேண்டும். முன்னொட்டோ முன்சொல்லோ உயிரில் முடிந்தால் எழுத்தையே இரட்டிக்கிறார்கள்: போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர் 'புவெர்தொறிகேஞோ', கோஸ்டா ரிக்காவைச் சேர்ந்தவர் 'கொஸ்தறிஸென்ஸே'.

மாற்றிச் சொன்னால் உண்மையிலேயே பொருள் மாறுமா?

மாறும். பெரோ என்றால் 'ஆனால்', பெறோ என்றால் 'நாய்'. காரோ 'விலை அதிகம்', காறோ 'வண்டி'. ஸேரோ 'பூஜ்யம்', ஸேறோ 'குன்று'. கோரோ 'சேர்ந்து பாடும் குழு', கோறோ 'ஓடுகிறேன்'. ஆஓரா 'இப்போது', ஆஓறா 'சேமிக்கிறார்'. கொரால் 'பவளம்', கொறால் 'கால்நடைப் பட்டி'.

இவற்றில் பெரும்பாலானவை சூழலைப் பார்த்தே புரிந்துவிடும். 'என்னிடம் ஒரு ஆனால் இருக்கிறது' என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கவனமாக இருக்க வேண்டியது இரண்டு இடங்களில். முதலாவது இலக்கணம்: கெரீயா என்றால் 'விரும்பினேன்', கெறீயா என்றால் 'விரும்புவேன், கிடைத்தால் நல்லது' என்ற பணிவான தொனி. இரண்டுமே ஒரே வாக்கியத்தில் ஒரே இடத்தில் பொருந்தும் என்பதால் சூழல் உதவாது. இரண்டாவது, பாடப் புத்தகங்களில் அதிகம் வராத ஒன்று. 'எஸ்தோய் என்தெராதோ' என்றால் 'எனக்கு விஷயம் தெரியும்'. ஆண் சொல்லும் வடிவம் இது. நடுவில் உள்ள ர அதிர்ந்துவிட்டால் 'எஸ்தோய் என்தெறாதோ': 'என்னைப் புதைத்துவிட்டார்கள்'. புதிதாக ற வந்த உற்சாகத்தில் எல்லா இடத்திலும் அதை உருட்டுபவர்களுக்கு நேர்வது இது.

நாக்கை எவ்வளவு வேகமாக அடித்தாலும் அதிரவில்லை. ஏன்?

நீங்கள் அடிப்பதால்தான். ஒற்றைத் தட்டு தசையின் வேலை, அதிர்வு காற்றின் வேலை. 'ரரரரர' என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் அது ஐந்து தனித்தனித் தட்டுகள்தான்; என்றைக்கும் ஒரு ற ஆகாது. அதிர்வில் நாக்கு நுனி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 முறை போய்வரும். விரும்பி அசைத்து அந்த வேகத்தைத் தொட முடியாது.

நடப்பது இதுதான். நாக்கு நுனி நுனியண்ணத்தை (மேல்முன்பற்களுக்குப் பின்னால் ஈறு மேடாக இருக்கும் இடம்) தளர்வாக அடைத்திருக்கிறது. பின்னால் காற்றழுத்தம் ஏறி நுனியைத் தள்ளித் திறக்கிறது. குறுகிய வழியில் காற்று பாய்ந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தமும் நாக்கின் சொந்த மீள்தன்மையும் சேர்ந்து நுனியைத் திரும்ப மேலே கொண்டுவந்து மூடுகின்றன. மறுபடி அழுத்தம் ஏறுகிறது. சன்னலோரத்தில் கட்டிய காகிதம் காற்றில் படபடப்பது போலத்தான். காகிதத்தை யாரும் ஆட்டுவதில்லை. சரியான இடத்தில் சரியான தளர்வில் பிடித்திருந்தால் போதும்.

ஆகவே கேள்வி 'எப்படி ஆட்டுவது' அல்ல, 'எங்கே, எவ்வளவு தளர்வாக வைப்பது' என்பதுதான்.

சரி, படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் இடம். 'அன்னை' என்று சொல்லி, ன்ன-வில் நிறுத்துங்கள். நாக்கு நுனி இப்போது மேல்முன்பற்களுக்குப் பின்னால், ஈறு மேடாக இருக்கும் இடத்தில் இருக்கும். அதுதான் நுனியண்ணம். பல்லைத் தொட்டால் அது த-வின் இடம், நுனி பின்னால் வளைந்தால் ட-வின் இடம். இரண்டும் வேண்டாம்.

அடுத்து ஓரங்கள். நாக்கின் இரு விளிம்புகளும் மேல் கடைவாய்ப் பற்களின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். காற்று நுனி வழியாக மட்டுமே தப்ப வேண்டும். நாக்கின் நடுப்பகுதி சற்றுப் பள்ளமாக, நாக்கு முழுவதும் கொஞ்சம் பின்னிழுத்து இருக்கட்டும். மல்லாந்து படுத்துப் பயிற்சி செய்தால் நாக்கு தானாகவே பின்னால் சரியும். ஆரம்பத்தில் இது நிஜமாகவே உதவும்.

மூன்றாவது, குரல் இல்லாமல் தொடங்குங்கள். குரல்நாண் அதிரும்போது காற்றின் ஒரு பகுதி தொண்டையிலேயே செலவாகிவிடும். கிசுகிசுக்கும்போது முழுக் காற்றும் நாக்குக்கு வரும். 'ஹ்' என்று ஊதிக்கொண்டே நாக்கு நுனியை மேட்டுக்கு அருகில் கொண்டுபோங்கள். இரண்டு நொடி ஊதல், சற்று ஓய்வு, மறுபடி. பத்து முறைக்கு மேல் ஒரே மூச்சில் செய்யாதீர்கள், தலை சுற்றும்.

அதிலும் வரவில்லையென்றால் தமிழர்களுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. 'காற்று' என்பதை எழுத்துத் தமிழில், செய்தி வாசிப்பவர் போல நிதானமாகச் சொல்லுங்கள். ற்-இல் நாக்கு நுனி நுனியண்ணத்தை முழுமையாக அடைத்து நிற்கும். அதற்குப் பிறகு மெல்லிய ர சாயலோடு விடுபடும். அந்த அடைப்பில் அரை நொடி கூடுதலாக நின்று, வயிற்றிலிருந்து காற்றை அழுத்தி, பிறகு நாக்கைக் கீழே இறக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். 'காற்-ற்ர்ர்ர்'. நாக்கைக் கீழே இறக்கினால் அது வெறும் 'காற்று'. பிடியைத் தளர்த்திவிட்டு அங்கேயே விட்டால் காற்று அதை ஆட்டத் தொடங்கும்.

ஓர் அதிர்வாவது வந்துவிட்டால் குரலைச் சேர்த்துக்கொண்டு உயிர்களுக்கு நடுவில் வையுங்கள். வரிசை முக்கியம்: முதலில் அ-ற-அ, ஒ-ற-ஒ, பிறகு உ, எ, கடைசியாக இ-றி-இ. இ, ஈ ஒலிகளுக்கு நாக்கின் முன்பகுதி மேலே எழ வேண்டும், அதிர்வுக்கோ அது தாழ வேண்டும். இரண்டும் இழுபறி. 'றோஸா' வந்த பிறகும் 'றீயோ' பல நாள் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம். ஒரே நேரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் நாக்கு இறுகும். இறுகிய நாக்கு அதிராது.

ஏதோ ஒலி வருகிறது, ஆனால் அது ற இல்லை. எங்கே தவறு?

வரும் ஒலியை வைத்தே தவறைக் கண்டுபிடிக்கலாம்.

'ட்' அல்லது 'த்' என்று அடைத்துக்கொண்டால் நுனியை மிக இறுக்கமாக அழுத்துகிறீர்கள். காற்றால் தள்ள முடியவில்லை.

'ஸ்ஸ்' அல்லது 'ஷ்ஷ்' என்று சீறினால் நுனி மேட்டிலிருந்து விலகி நிற்கிறது, அல்லது விறைப்பாக இருக்கிறது.

'ல' கலந்து வந்தால் ஓரங்கள் கசிகின்றன. கடைவாய்ப் பற்களில் விளிம்பை ஒட்டவையுங்கள்.

கொப்பளிப்பது போல் கரகரத்தால் அதிர்வது உள்நாக்கு. ஒலி தொண்டைப்பக்கம் உணரப்படும். தலையைச் சற்று முன்னால் சாய்த்து, நாக்கு நுனியில் கவனம் வைத்து மறுபடி தொடங்குங்கள்.

குழந்தைகள் வண்டி ஓட்டி விளையாடும்போது எழுப்பும் 'டுர்ர்ர்' நன்றாக வருகிறதே என்று சிலர் சொல்வார்கள். அது நாக்கா உதடா என்று பாருங்கள். ஈ என்று சொல்வது போல உதட்டை அகல இழுத்துக்கொண்டு அதே ஒலியை எழுப்புங்கள். ஒலி நின்றுபோனால் இவ்வளவு நேரம் அதிர்ந்தது உதடுதான். நிற்காவிட்டால் உங்களுக்கு ற ஏற்கெனவே தெரியும். அதைச் சொல்லுக்குள் வைப்பதுதான் பாக்கி.

'நாய்' என்பதை 'பெர்ரோ' என்று எழுதிவைத்துப் படிக்கலாமா? 'பெற்றோ' என்று?

இரண்டுமே வேண்டாம். 'பெற்றோ' மோசம்: தமிழில் ற்ற வந்தாலே நாக்கு 'ட்ர' சாயலில் போய்விடும், நாய் 'பெட்ரோ' ஆகிவிடும். பேத்ரோ என்பது ஆளின் பெயர்.

'பெர்ரோ'வில் வேறு பிரச்சினை. ர், ழ் இரண்டும் தமிழில் இரட்டிக்காத மெய்கள். ஆகவே அந்த எழுத்துக்கூட்டலுக்கு நம் வாயில் தயாரான ஒலி எதுவும் இல்லை. 'பல்லி', 'அம்மி' போல நினைத்துக்கொண்டு ர்-இல் நின்று இழுப்போம், 'பெர்... ரோ' என்று. நீளம் வந்துவிடும், அதிர்வு வராது. மேலும் ஸ்பானியத்தில் அந்த இரட்டை எழுத்து ஒரே ஒலி. வரியின் முடிவில் சொல்லை உடைக்கும்போதும் அதைப் பிரிக்க மாட்டார்கள்: 'பெ-றோ'. இரண்டாவது அசை அதிர்வோடு தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டால் சரியாக வரும்.

என்றீகே என்ற பெயரைச் சொன்னால் 'எண்ட்ரிகே' என்று கேட்கிறது என்கிறார்கள்.

தமிழ்ப் பழக்கம். கன்று, நன்றி, ஒன்று என்று ன்ற வந்தால் நடுவில் ஒரு ட் சாயல் ஒலிப்பது நமக்கு இயல்பு. ன்-லிருந்து ற-வுக்குப் போகும் வழியில் மூக்குவழி அடைபடும், நாக்கு இன்னும் விடுபட்டிருக்காது. அந்த இடைவெளியில் பிறப்பது அந்த ட்.

ஸ்பானிய மொழியின் வரலாற்றிலும் இதே விபத்து நடந்திருக்கிறது. 'தெனேர்' (வைத்திருத்தல்) என்ற வினையின் எதிர்காலம் 'தென்றே' என்றுதான் சுருங்கியிருக்க வேண்டும். இன்று அது 'தெந்த்ரே'. 'வெனீர்' (வருதல்) 'வெந்த்ரே' ஆனதும் இப்படியே, வழியில் ஒரு த் புகுந்துகொண்டது. அந்தச் சொற்களில் அது நிலைத்துவிட்டது. என்றீகே, ஓன்றா போன்றவற்றில் மட்டும் அது தவறு.

தீர்வு: இரண்டாக உடைத்துச் சொல்லுங்கள். 'என்' - ஒரு கணம் நிறுத்தம் - 'றீகே'. அதிர்வு தனியாகத் தொடங்கட்டும். நாளடைவில் நிறுத்தத்தைக் குறையுங்கள். ஸ்-க்குப் பின்னால் வரும்போது ஸ்பானியர்களே ஸ்-ஐ விழுங்கிவிடுவது சகஜம்: 'லோஸ் றேயெஸ்' (அரசர்கள்) பேச்சில் 'லொறேயெஸ்'. ஸ்-இல் இருந்து அதிர்வுக்குத் தாவுவது அவர்களுக்கும் கடினம்தான்.

சொல்லின் இறுதியில் வரும் ர் எளிது அல்லவா?

ஒலி எளிது. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் உ-தான் தொல்லை. கார் என்பதைக் 'காரு' என்று முடிக்கும் பழக்கத்தில் அமோர் 'அமோரு' ஆகிறது. ஸ்பானியத்தில் வினைகளின் மூல வடிவம் எல்லாமே ஆர், ஏர், ஈர் என்றுதான் முடியும்: ஆப்லார் (பேச), கொமேர் (சாப்பிட), விவீர் (வாழ). ஒவ்வொன்றிலும் உ சேர்ந்தால் வாக்கியம் முழுவதும் கூடுதல் அசைகள் கொட்டும். நாக்கு தட்டிய அடுத்த கணம் குரலை நிறுத்துங்கள். தொடக்கத்தில் ர்-ஐக் கிசுகிசுப்பாக முடித்தால் உ ஒழிந்துவிடும்.

அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் ர் அந்த உயிரோடு போய்ச் சேரும், அப்போது கட்டாயம் ஒற்றைத் தட்டுதான்: 'அமோர் எதேர்னோ' (நிலையான காதல்) என்பது 'அமோ-ரெ-தேர்-னோ'. இங்கே அதிர வைக்கக் கூடாது. சொல்லின் முதலில் உள்ள ற மட்டும் எதற்கும் அசையாது. 'அரோமா' என்றால் நறுமணம், 'அ றோமா' என்றால் ரோம் நகருக்கு. இரண்டிலும் எழுத்துகள் அதே வரிசைதான், நடுவில் ஓர் இடைவெளி மட்டும்.

'த்ரேஸ்' என்பதை 'ட்ரெஸ்' என்று சொன்னால் என்ன?

புரியும், ஆனால் இந்திய ஆங்கிலம் கலந்து கேட்கும். ஸ்பானியத்தின் அந்த முதல் மெய் பல்லில் பட்டுப் பிறக்கும் த். 'பத்திரிகை'யில் வரும் த்தி போல. நாக்கு பல்லிலிருந்து நுனியண்ணத்துக்குத் தாவி ஒரு தட்டுத் தட்டினால் போதும். 'திரேஸ்' என்று நடுவில் மெல்லிய உயிர் எட்டிப்பார்த்தாலும் கவலைப்பட வேண்டாம்: ஸ்பானியர் பேச்சிலும் மெய்க்கும் தட்டுக்கும் நடுவில் மிகக் குறுகிய உயிர்ச்சாயல் உண்டு. அது தனி அசையாக நீளாமல் பார்த்துக்கொண்டால் சரி.

எவ்வளவு நேரம் உருட்ட வேண்டும்?

இரண்டு அல்லது மூன்று தட்டுகள். அவ்வளவுதான். எட்டு, பத்து என்று நீட்டினால் பந்தய வர்ணனையாளர் கோல் அறிவிப்பது போல இருக்கும். கற்கும்போது நீட்டிப் பழகலாம், பேசும்போது சுருக்க வேண்டும். சுருக்குவது தனிப் பயிற்சி: 'அறறறா' என்று நீட்டி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்து, 'அறா' வரை வாருங்கள்.

எந்த நாப்பழக்கத் தொடர்கள் உதவும்?

எல்லாரும் முதலில் சொல்லிக்கொடுப்பது 'த்ரேஸ் த்ரீஸ்தெஸ் தீக்ரெஸ் த்ரகாபன் த்ரீகோ என் உன் த்ரிகால்' (மூன்று சோகமான புலிகள் கோதுமை வயலில் கோதுமை விழுங்கின). நல்ல தொடர்தான், ஆனால் அதில் ஒரு ற கூடக் கிடையாது. ஆறு இடங்களிலும் ஒற்றைத் தட்டு. ற-வுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவர் விஷயத்தைக் கவனிக்கவில்லை.

அதிர்வுக்கு ஏற்றது ஸ்பானியக் குழந்தைகள் சொல்லும் இது: 'எறே கோன் எறே ஸிகாறோ, எறே கோன் எறே பறீல், றாபிதோ கோறென் லோஸ் காறோஸ், கர்காதோஸ் தெ அஸூகார் அல் ஃபெறோகறீல்.' சர்க்கரை ஏற்றிய வண்டிகள் ரயிலுக்கு வேகமாக ஓடுகின்றன என்று பொருள். பதினோரு ற, இரண்டே ர. 'அஸூகார் அல்' என்ற இடத்தில் தடுக்கி விழுவார்கள்: முன்னால் வரிசையாக உருட்டி வந்த வேகத்தில் அதையும் உருட்டிவிடுவார்கள். அது 'அஸூகா-ரல்'.

எங்களைக் கேட்டால், தொடர்களைவிட இரண்டு ஒலியும் கலந்த தனிச் சொற்கள் அதிகம் உதவும். றாரோ (விசித்திரமான): முதலில் அதிர்வு, நடுவில் தட்டு. கொறேர் (ஓட): நடுவில் அதிர்வு, இறுதியில் தட்டு. றமீரெஸ் என்ற குடும்பப் பெயர். றெகொறேர் (சுற்றிவர): அதிர்வு, அதிர்வு, தட்டு. இவற்றை மெதுவாகத் தப்பில்லாமல் சொல்ல முடிந்தால் வேகம் தானாக வரும்.

ஆங்கில 'ர', பிரெஞ்சு 'ர' போட்டால்?

ஆங்கிலத்தில் நாக்கு எதையும் தொடாது. நம் ழ-வுக்குப் பக்கத்து ஒலி அது. 'கார்னே' (இறைச்சி) போன்ற சொற்களில் ஆங்கில வாசனை உடனே தெரியும். ஆங்கில வழியில் ஸ்பானியம் படிக்கும் தமிழர்கள், சொந்தமாக நல்ல ர இருந்தும், ஐரோப்பிய மொழி என்றதும் ஆங்கில ர-வுக்குத் தாவிவிடுகிறார்கள். 'மரம்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அந்தச் சொல்லைத் தொடங்குங்கள்.

பிரெஞ்சு ஒலி தொண்டைப்பக்கம் பிறப்பது. பிரான்சில் பள்ளியில் ஸ்பானியம் எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது நேரும். ஸ்பானியக் காதுக்கு அது ஹ போல விழும்: றமோன் என்ற ஆளைக் கூப்பிட்டால் ஹமோன், அதாவது பன்றித்தொடை இறைச்சி, ஆகிவிடும். வீட்டுத் தமிழ் ர-வை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊருக்கு ஊர் மாறுமா?

நிறைய. போர்ட்டோ ரிக்கோவில் பலர் ற-வைத் தொண்டையிலேயே ஒலிக்கிறார்கள். மேலே சொன்ன றமோன்-ஹமோன் கேலி அவர்களைக் குறித்ததுதான். அதே தீவில் அசை இறுதி ர், ல் ஆவதும் உண்டு: தீவின் பெயரே 'புவெல்தோ'. டொமினிக்கன் குடியரசின் சிபாவோ பகுதியில் அது இ ஆகும், கொமேர் 'கொமேய்'. கியூபாவில் பலரிடம் ர் மறைந்து அடுத்த மெய் இரட்டிக்கும்: புவேர்தா (கதவு) 'புவேத்தா'. தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில் சொல்லிறுதி ர் பெரும்பாலும் காணாமலே போகும்.

கோஸ்டா ரிக்கா, ஈக்வடாரின் மலைப்பகுதி, பொலிவியா, வடக்கு அர்ஜென்டினா ஆகிய இடங்களில் ற அதிராமல் சீறும், ஸ-வும் ர-வும் கலந்த ஒலி போல. மெக்சிகோ நகரில் சொல்லிறுதி ர் மெல்லச் சீறி முடிவதைக் கேட்கலாம். சிலியில் சிலர் 'த்ரேஸ்' என்பதைச் 'ச்ரேஸ்' போலச் சொல்வார்கள்.

பேசக் கற்க இவற்றில் எதையும் பின்பற்ற வேண்டியதில்லை. கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும், குறிப்பாகக் கரீபியப் பாட்டுகளைக் கேட்டு மொழி கற்பவர்கள். பாட்டில் 'அமோல்' என்று கேட்டு அப்படியே எழுதிவைப்பவர்கள் உண்டு.

எவ்வளவு முயன்றும் ற வரவே இல்லை. என்ன செய்வது?

முதலில் நாக்கைப் பாருங்கள். வாயை நன்றாகத் திறந்துவைத்து நாக்கு நுனியால் மேல்முன்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டைத் தொட முடிகிறதா? முடியாமல் நாக்கின் அடிச்சவ்வு இழுத்துப் பிடித்தால் பேச்சுப் பயிற்சியாளரிடமோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடமோ காட்டலாம். பெரும்பாலோருக்கு அது காரணமாக இருப்பதில்லை, இறுக்கம்தான் காரணம். ஸ்பானியக் குழந்தைகளுக்கே கடைசியாக வரும் ஒலிகளில் இது ஒன்று. ஐந்து, ஆறு வயதுவரை ற வராத பிள்ளைகள் அங்கே சாதாரணம். பெரியவர்களாகியும் வராத ஸ்பானியர்களும் இருக்கிறார்கள்.

வரும்வரைக்கும் பேசாமல் இருக்க முடியாதே. அதுவரை மாற்றாக மலைநாட்டு ஈக்வடார்க்காரர் போல நாக்கை மேட்டருகில் வைத்து நீட்டிச் சீற விடுங்கள். அது ஒரு வட்டாரத்தின் இயல்பான ஒலி, ஒற்றைத் தட்டிலிருந்தும் தெளிவாக வேறுபடும். ற்ற போட்டுச் சமாளிப்பது எந்த வட்டாரத்திலும் இல்லாத ஒன்று.

சரியாக வருகிறதா என்று நானே பார்க்க முடியுமா?

கைப்பேசியில் 'பெரோ, பெறோ' என்று மாறி மாறி ஐந்து முறை பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள், உடனே அல்ல. உடனே கேட்டால் சொல்ல நினைத்ததுதான் காதில் விழும்.

கண்ணாலும் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பௌல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராட் என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, அந்த மெய் இருக்கும் கால் நொடியைப் பெரிதாக்குங்கள். நாக்கு ஒவ்வொரு முறை தொடும்போதும் ஒலிப்படத்தில் (ஸ்பெக்ட்ரோகிராம்) வெளிறிய செங்குத்துப் பட்டை ஒன்று தெரியும். 'பெரோ'வில் ஒன்று, 'பெறோ'வில் இரண்டோ மூன்றோ. ஒரே ஒரு நீளமான பட்டை தெரிந்தால் நீங்கள் அதிர வைக்கவில்லை, அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். பட்டையே இல்லாமல் சாம்பல் புகைபோலத் தெரிந்தால் சீறியிருக்கிறீர்கள்.

இந்த எழுத்தின் பெயர் 'ஏரே'யா, 'எறே'யா?

பழைய புத்தகங்களில் ஒற்றைத் தட்டுக்கு ஏரே, அதிர்வுக்கு எறே என்று இரண்டு பெயரும் வரும். ஸ்பானிய அரச கல்விக்கழகத்தின் 2010 எழுத்திலக்கணம் எறே என்ற ஒரே பெயரை வைத்தது. தொலைபேசியில் பெயரை எழுத்துக்கூட்டும்போது ஒற்றைக்கு 'எறே', இரட்டைக்கு 'தோப்லே எறே'. எழுத்தின் பெயரைச் சொல்லவே அதிர்வு வேண்டும், அதிலிருந்து தப்ப வழியில்லை.